பாலத்தருகில் ஒரு கார் நின்றால்

1

என் சமையலறை மேசையில், ஊறுகாய் பாட்டிலுக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவே ஒரு புத்தகம் கிடக்கிறது. டிரவுட் மீன் கிடைக்கும் ஆறுகளுக்கான வழிகாட்டி. நியூசிலாந்தின் தென்கோடியில் எந்தப் பாலத்தில் காரை நிறுத்த வேண்டும், எந்த விவசாயியிடம் கேட்டுவிட்டு வேலி தாண்ட வேண்டும், எந்த வளைவில் மீன் நிற்கும், அதற்கு எந்தப் பூச்சியைக் காட்டினால் ஏமாறும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என்னுடைய ஒரு பிறந்தநாளுக்கு என் மகன் கதிர் ஆக்லாந்திலிருந்து அனுப்பியது. நேற்று இன்னொரு பிறந்தநாள் வந்து போனது. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இல்லாவிட்டால் நான் எழுதுகிற ஆள் இல்லை. என் சொந்த ஊரான முக்கூடலில் என்னோடு படித்தவர்கள் சாட்சி சொல்வார்கள்.

பால் பவுடர் ஆலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பாலை முகர்ந்து பார்த்துவிட்டு, போன வருஷம் ஓய்வு பெற்றேன். என் மனைவி காந்திமதி இருந்தவரை எனக்கு ஆறு தேவைப்படவில்லை. வீட்டுக்குள்ளேயே சலசலவென்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "லைட்டை அணைச்சீகளா, கேஸை மூடுனீகளா, இந்தச் சட்டையையா போட்டுக்கிட்டுப் போறீக?" நாலு வருஷத்துக்கு முன் அது நின்றுபோன பிறகு ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடும் என்பதே தெரிந்தது. ஒரு நாள் அதோடு பேச ஆரம்பித்தேன். இதைக் கதிரிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் தூண்டிலும் புத்தகமும் தபாலில் வந்தன.

"அப்பா, நீங்க வெளியே போகணும். ஆறு இருக்கு, காற்று இருக்கு. இட் இஸ் குட் ஃபார் யூ," என்றான். கதிரின் தமிழ், வழுக்குப் பாறையில் நடப்பவர் போல ஒவ்வொரு சொல்லையும் தொட்டுப் பார்த்துத்தான் கால் வைக்கும். முடியாதபோது இங்கிலீஷ் கரைக்குத் தாவிவிடும்.

புத்தகத்தைப் படித்தேன். ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு ஆற்றுக்கும் எழுதியவர் மதிப்பெண் போட்டிருந்தார். அதிக மதிப்பெண் வாங்கிய ஆறுகளுக்கெல்லாம் கீழே ஒரே வாசகம்: இங்கே நாள் முழுவதும் ஒரு மனிதரையும் பார்க்க மாட்டீர்கள்.

நான் அதை எச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

2

முதல் நாள் ஒரு சின்ன ஆற்றுக்குப் போனேன். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் கிரஹாம் என்னை மன்னிக்கமாட்டார். அவர் யார் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.

புத்தகம் சொன்ன முதல் பாலத்தில் யாருமில்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது. இறங்கத் தோன்றாமல் காரை எடுத்தேன். அடுத்த பாலத்திலும் யாருமில்லை. மூன்றாவது பாலத்தில் ஒரு பழைய நீலக் கார் நின்றது. அப்பாடா என்று அதன் பக்கத்திலேயே, கண்ணாடி உரசாத குறையாக, என் காரை நிறுத்தினேன்.

முக்கூடலில் தாமிரபரணியில் இறங்குமுன் நாம் பார்ப்பது தண்ணீரை இல்லை, தலைகளைத்தான். தலை தெரிகிற இடத்தில் இறங்கலாம். தலை தெரியாத இடத்தில் மணல் அள்ளிய பள்ளம் இருக்கும், சுழல் இருக்கும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் முங்கினால் முடியைப் பிடித்து இழுத்துப்போட ஆள் இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை. செருப்பை இடது வலது பார்த்துப் போடுவது மாதிரி அது தானாக வந்தது.

ஆகவே அந்த நீலக் காரின் சொந்தக்காரரைத் தேடிப் போனேன். முழங்கால் தண்ணீரில் தனியாக நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, என்னைவிட நாலைந்து வயது கூட. நான் தண்ணீரில் தடதடவென்று இறங்கி, அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, வணக்கம் சொல்லி, மீன் வருதா என்று கேட்டேன். நம் ஊரில் வேறு எப்படிக் கேட்பார்கள்?

அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன், கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டு.

"பாலத்தில் என் காரைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"பார்த்துவிட்டுமா வந்தாய்?"

"பார்த்ததால்தான் வந்தேன்."

அவர் என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, முன்னுரையைத் திறந்து விரலால் ஒரு பத்தியைத் தட்டினார். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? அதில் இருந்தது இதுதான்: பாலத்தருகில் ஒரு கார் நின்றால், அந்த ஆற்றுத்துண்டு அன்றைக்கு அந்தக் காரில் வந்தவருடையது. மறு பேச்சில்லாமல் அடுத்த பாலத்துக்குப் போவதே பண்பு. ஒரு மனிதன் நடந்த தண்ணீரில் டிரவுட் நெடுநேரம் தலைகாட்டாது. காரை நிறுத்துகிறவரும், தான் மேலே போயிருக்கிறேனா கீழே போயிருக்கிறேனா என்று ஒரு காகிதத்தில் எழுதி முன்கண்ணாடியில் செருகிவிட வேண்டும், மற்றவர்கள் வேறு பக்கம் போவதற்கு வசதியாக.

"புரிந்ததா?"

"புரிந்தது. என் பெயர் சண்முகம்."

"சாம்," என்று சுருக்கி முடித்தார். "நான் கிரஹாம். அங்கே இரண்டு மைல் தள்ளி ஒரு பாலம் இருக்கிறது. போ."

போகும் அவசரத்தில் தூண்டிலைச் சுழற்றினேன். கோழியிறகும் நூலும் வைத்துக் கட்டிய அந்தப் பொய்ப்பூச்சி பறந்து போய் என் தொப்பியையே கவ்வியது. இத்தனை வருஷத்தில் நான் அதிகமாகப் பிடித்தது அந்தத் தொப்பியைத்தான்.

3

நான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறவன். பாலத்தருகில் காரின் நிறம் கொஞ்சம் தெரிந்தாலும் போதும், என் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும். விடுமுறைக்கால சனிக்கிழமை ஒன்றில் எல்லாப் பாலத்திலும் கார் நின்றது. பாலம் பாலமாகப் போய், ஒரு பாலத்திலும் இறங்காமல், கால் நனையாமல் வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். குடியுரிமை விழாவில் ராணியின் படத்துக்கு முன்னால் கை தூக்கியபோதுகூட இந்த நாட்டுக்காரன் ஆகிவிட்டதாகத் தோன்றவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் அப்படித் தோன்றியது. அதைச் சொல்ல ஆளைத் தேடினேன். ஃபிரிட்ஜிடம் சொன்னேன்.

முன்னுரையில் இன்னொன்றும் இருந்தது. தனியாக ஆற்றுக்குப் போகிறவர், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கென்று இணையத்தில் ஒரு படிவம் இருக்கிறது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கட்டத்தில் கதிரின் எண்ணைப் போட்டேன். அவனிடமும் சொன்னேன். "அப்பா, நான் மீட்டிங்ல இருப்பேன். டெக்ஸ்ட் பண்ணுங்க, ஓகே?" என்றான். முங்குகிறவன் டெக்ஸ்ட் பண்ணுவது எப்படி என்று யோசித்துப் பார்த்துவிட்டு, அவன் எண்ணை அழித்து முக்கூடல் இசக்கிமுத்துவின் எண்ணைப் போட்டேன். தொண்ணூற்றொன்றில் ஆரம்பிக்கிற இந்திய எண்ணைப் படிவம் ஏற்கவில்லை. சிவப்பு எழுத்தில் திட்டியது. சரி, படிவம் போனால் போகட்டும் என்று நேராக இசக்கிக்கே போன் போட்டேன்.

இசக்கிமுத்து ஆறாம் வகுப்பிலிருந்து என் பெஞ்சுக்காரன். முக்கூடலில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான்.

"இசக்கி, ஆத்துக்குப் போறேன்லே. பொழுது சாயமுன்ன நான் கூப்பிடலைன்னா..."

"கூப்பிடலைன்னா? நான் என்னலே செய்யணும்? கடலை நீந்தி வரவா?"

"போலீசுக்குச் சொல்லு."

"எந்தப் போலீசுக்கு? இங்கன உள்ள ஸ்டேசனுக்கா? ஐயா, எங்க சம்முவத்தை நியூசிலாந்துல ஒரு மீனு இழுத்துட்டுப் போயிருச்சுன்னு எழுதிக் கொடுக்கவா?"

அன்று முதல் ஒவ்வொரு தடவையும் மதியம் போகுமுன் அவனுக்கு ஒரு போன், கரையேறியதும் ஒரு போன். எனக்குச் சாயங்காலமானால் அவனுக்குக் காலை. கடைக் கதவைத் தூக்கிக்கொண்டே பேசுவான்.

"மீன் கெடைச்சுதா?"

"கெடைச்சுது. விட்டுட்டேன்."

"ஏன், பொடிசோ?"

"இல்லலே, நல்ல பெருசு. இங்கன பிடிச்சிட்டு விட்டுருவாக. அதான் வழக்கம்."

"பெருசைப் பிடிச்சிட்டு விட்டுட்டியா? அப்போ அது பேரு மீன் பிடிக்கதா? போறவனை நிறுத்தி ஊரு பேரு விசாரிச்சிட்டு அனுப்புத மாதிரில்லா இருக்கு!" பக்கத்தில் மோட்டாருக்குக் காத்திருக்கிறவர்களிடம் உரக்கச் சொல்லுவான்: "கேட்டியளா அண்ணாச்சி, நம்ம சம்முவம் அங்கன மீனுக்குச் சென்சஸ் எடுக்கான்."

கடையே சிரிக்கும். நான் ஆற்றங்கரையில் போனைக் காதில் வைத்தபடி அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன்.

4

ஓய்வு பெற்றதும் கதிர் கேட்டான். "அப்பா, வீட்டை வித்துட்டு ஊருக்குப் போறீங்களா, இல்ல இங்கேயே இருக்கீங்களா? சொன்னா நான் பிளான் பண்ணலாம்." மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இசக்கியிடம் சொன்னேன். அவன் ஒரு வாரத்தில் வீடு பார்த்துவிட்டான். ஆற்றுக்குப் போகிற தெருவில், இரண்டு அறை, பின்னால் ஒரு முருங்கை. "வீட்டுக்காரர்ட்ட, எங்காளு வந்து பாக்குத வரைக்கும் யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ வா," என்றான்.

பொங்கல் கழிந்து போய், சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் இறங்கினேன். அன்று சாயங்காலமே இசக்கி வந்து உத்தரவு போட்டான்: "காலையில வெள்ளன தொறைக்கு வந்துரு. குளிச்சிட்டு அப்படியே வீட்டைப் பாத்திரலாம்."

எனக்குத்தான் இரவும் பகலும் இடம் மாறிக் கிடக்கிறதே. விடியுமுன்பே முழிப்பு வந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆற்றின்மேல் பனி புகைந்துகொண்டிருந்தது. கீழே பெண்கள் துறையில் துணி அடிக்கிற சத்தம். ஆண்கள் துறைக்குப் படியிறங்கப் போனேன். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரே ஒரு தலை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

என் கால் நின்றது. பாவம், தனியாக நிம்மதியாகக் குளிக்கிறார், நாம் போய்க் கெடுப்பானேன் என்று ஒரு நினைப்பு. இவ்வளவு நாகரிகமான நினைப்பு முக்கூடலில் எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சத்தம் காட்டாமல் திரும்பி, மேல்பக்கமாக நடந்து, மருத மரங்கள் தாண்டி ஒரு வளைவில் ஆளே இல்லாத இடத்தைப் பிடித்தேன். நல்ல இடம். பாறை, அதன் பின்னால் அமைதியான தண்ணீர், ஓரமாகச் சின்ன இரைச்சல். புத்தகக்காரர் பார்த்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். இசக்கி வந்தால் எப்படியும் என்னைக் கூப்பிடுவான் என்று, குளித்தும் குளிக்காமலும் காத்திருந்தேன். வெயில் ஏறியது. இசக்கி வரவில்லை.

கடைக்குப் போனேன். செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். தோளில் ஈரத்துண்டு.

"என்னலே, வரச்சொல்லிட்டு வராம இருந்துட்ட? காத்துக் கிடந்தேன்," என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. "நான் வந்தேன். நீயும் வந்த. படி வரைக்கும் வந்த. என் தலையைப் பாத்த. திரும்பிப் போயிட்ட."

"அது நீயா?"

"இந்த ஊருல வேற எவன் தலை இம்புட்டு வழுக்கையா இருக்கு? படியில ஆள் நிக்குத அரவம் கேட்டுத் திரும்புனா, நீ முதுகைக் காட்டிக்கிட்டுப் போற. சம்முவம், சம்முவம்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன். நீ பாட்டுக்குப் போற." கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டான்: "எம்மேல என்ன வே வருத்தம்?"

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து என்னை 'லே' போட்டே பேசியவன், அன்று தள்ளி நிற்கிற ஆளுக்குப் போடும் 'வே' போட்டான்.

பதறிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், கார், முன்னுரை, கிரஹாம், கண்ணாடியில் செருகும் காகிதம். மோட்டாருக்குக் காத்திருந்த அண்ணாச்சி ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். இசக்கியும் சிரித்தான். எனக்கு உயிர் வந்தது. பிறகு அவன் சிரிப்பு பைய நின்றது.

"அப்போ அங்கன ஆத்துல ஒருத்தன் நின்னா, இன்னொருத்தன் வரமாட்டானா?"

"வரமாட்டான். அது மரியாதை."

"வழுக்கி விழுந்துட்டா?"

"அதுக்குத்தானலே உனக்குப் போன் பண்ணுதேன்."

இசக்கி கம்பியைக் கீழே வைத்தான்.

"நீ விளையாட்டுக்குப் பண்ணுதன்னுல்லா நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றான்.

அண்ணாச்சி எழுந்து, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். இசக்கி ஈரத்துண்டில் கையைத் துடைத்தான். பிறகு சொன்னான்: "வீட்டுக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்."

"ஏன்லே?"

"ஆத்துல ஒத்தைத் தலையைப் பாத்துட்டு ஒதுங்கிப் போறவன், அந்தத் தெருவுல எப்படிலே இருப்ப? கதவைத் தொறந்தா பத்துப் பேரு நிப்பான். எங்க போன, என்ன தின்ன, ராத்திரி ஏன் இருமுனன்னு கேப்பான். நீ எந்தப் பாலத்துக்குப் போவ?"

இல்லை இசக்கி, இருப்பேன், பழகிக்கொள்வேன் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் அந்தப் படியில் என்னைத் திருப்பிக்கொண்டு போனவை என் கால்கள்தான். அவற்றிடம் யாரும் சொல்லித் திருப்பவில்லை.

மீதி நாட்களில் இசக்கியே காலையில் வாசலில் வந்து நின்று, சந்தை மாட்டைக் கூட்டிப்போவது போல என் மணிக்கட்டைப் பிடித்துத் துறைக்குக் கூட்டிப்போனான். வீட்டுப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. முருங்கை பூத்திருந்ததைத் தெருவோடு போகும்போது பார்த்தேன்.

5

நியூசிலாந்து விமான நிலையத்தில் இறங்குகிறவர் ஒரு அறிவிப்பைப் பூர்த்தி செய்ய வேண்டும். மண் ஒட்டிய காலணி இருக்கிறதா, ஆறு குளத்தில் பயன்படுத்திய பொருள் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒரு நாட்டு ஆற்றின் பாசி இன்னொரு நாட்டு ஆற்றுக்குப் போய்விடக் கூடாதாம். நான் உண்மை பேசுகிறவன். செருப்பைக் காட்டினேன்.

கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி என் ரப்பர் செருப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"ஆற்றில் இறங்கினீர்களா?"

"தினமும்."

உள்ளே கொண்டுபோய், மருந்து போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடையில் வாங்கியபோதுகூட அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஆற்றில் யாரோடு இறங்கினேன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்திருக்கலாம். எனக்குப் பின்னால் நீளமான வரிசை வேறு.

6

நேற்று காலை கதிர் கூப்பிட்டான். "ஹாப்பி பர்த்டே அப்பா. புக் யூஸ் பண்றீங்களா?" பண்ணுகிறேன் என்றேன். என்ன முடிவு செய்தீர்கள் என்று கேட்டான். இங்கேதான் என்றேன். "ஓ. குட்," என்றான். அந்த 'ஓ'வுக்கும் 'குட்'டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு, பெயர் சொல்லாத அந்த ஆற்றுக்கே போனேன். மூன்றாவது பாலம். யாருமில்லை. காரை நிறுத்தி, வழக்கம்போல் காகிதத்தை எடுத்தேன். 'மேலே போகிறேன்' என்று எழுதவேண்டும். எழுதினேன். பேனாவை மூடப்போனவன் மூடாமல் அதன் கீழே இதையும் எழுதினேன்:

'முதல் வளைவில் இருக்கிறேன். நீங்களும் வரலாம். ஃபிளாஸ்கில் டீ இருக்கிறது. சாம்.'

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியில் செருகினேன். கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி, இரண்டு கையாலும்.

நேற்று மீனைப் பார்த்தவன் யார்? பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. நின்றது. என்ஜின் அணைந்தது. கதவு திறக்கும் சத்தம். காகிதத்தைப் படிக்கிற அளவுக்கு ஒரு அமைதி. பிறகு கதவு மூடி, என்ஜின் உறுமி, கார் அடுத்த பாலத்துக்குப் போய்விட்டது. பண்பு தெரிந்த மனிதர்.

வெயில் சாயத் தொடங்கியபோது பாலத்தில் நீல நிறம் ஒன்று வந்து நின்றது. பிறகு புதருக்குள்ளிருந்து வெள்ளைத் தாடி ஒன்று வெளியே வந்தது. கையில் என் காகிதம்.

"இதை எழுதிய பைத்தியக்காரன் நீதானா?"

"நான்தான், கிரஹாம்."

"இப்படி எழுதி வைத்தால் ஊரே வந்துவிடும்."

"யாரும் வரவில்லையே."

"நான் வந்துவிட்டேனே!" என்றார் எரிச்சலாக. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். டீயை ஊற்றப் போனேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, எனக்கு மேலே அடுத்த வளைவில் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, தூண்டிலை வீச ஆரம்பித்தார்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் வரவும் இல்லை, போய்விடவும் இல்லை. அந்த வளைவில் போனுக்கு சிக்னல் கிடைக்கும். இசக்கியைக் கூப்பிட்டேன். கடைக் கதவு தூக்கும் சத்தம் கேட்டது.

"என்னலே, கரையேறிட்டியா?"

"இன்னும் இல்ல. இசக்கி, ஒருத்தர் வந்திருக்காருலே. அந்தத் தாடிக்காரர்."

"அப்படிப் போடு! என்ன பேசுதாரு?"

"பேசல. அங்கன தள்ளி நிக்காரு. முதுகைக் காட்டிக்கிட்டு."

"எம்புட்டுத் தூரம்?"

பார்த்தேன். புத்தகம் தூரத்தை மைலில் சொல்லும், மீட்டரில் சொல்லும். நான் சொன்னேன்: "கூப்பிடு தூரம்."

"அப்போ கூப்பிடு," என்றான். "அன்னைக்கு நான் கூப்பிட்டதுக்கு நீ திரும்பல. அவராவது திரும்புதாரான்னு பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

போனை ஒரு கல்லின்மேல் வைத்தேன். இரண்டு கையையும் வாயருகே குவித்தேன். இந்த ஆற்றில் அதுவரை யாரும் கத்தியிருக்கமாட்டார்கள்.

"ஓய், கிரஹாம்! டீ!"

தண்ணீரில் எங்கோ ஒரு மீன் வெருண்டு ஓடியது. கிரஹாம் திரும்பினார். உதட்டில் விரலை வைத்து, தண்ணீரைக் காட்டி, தலையிலடித்துக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நெடுநேரம் நின்ற மாதிரி இருந்தது. பிறகு நூலைச் சுற்றினார். தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழுக்குக் கல்லில் ஒவ்வொரு காலாகப் பார்த்து வைத்து, கரையோரமாக இறங்கத் தொடங்கினார்.

கல்லின்மேல் போன் கத்திக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"என்னலே ஆச்சு? திரும்புனாரா?"

"வாராருலே," என்றேன். "பைய வாராரு."